அவன் இருக்கிறான், அவள் எங்கே?

வார இதழ்களோடு வரும் சமையல் இணைப்புகளில் இப்படியொரு வரி இருக்கும்: 'அவனை 180 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கவும்.' கேக் சுடும் அடுப்பைத்தான் சொல்கிறார்கள். தமிழ் எழுத்தில் வந்ததும் அது ஆண்பாலாகிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கேட்பேன்: குறிப்பு முழுவதும் 'அவன்' இருக்கிறான், 'அவள்' எங்கே?

சமையல் குறிப்பின் இலக்கணம் '-வும்' என்ற முடிவில் நிற்கிறது. மசிக்கவும், சலிக்கவும், கலக்கவும். பழைய வியங்கோளைப் போல இதற்கும் பால் இல்லை, எண் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுபோல் ஒலிக்கும். செய்யப்போவது யார் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். அதனால்தான் எழுவாய் தேவைப்படவில்லை.

இது எனக்கு உறைத்தது அம்மாவால். காரைக்குடியில் எங்கள் வீட்டில் அவன் கிடையாது. அம்மா குக்கரில் மணலைப் பரப்பி, காஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, வாழைப்பழமும் கமலா ஆரஞ்சும் போட்டு ரொட்டி சுடுவாள். ஆரஞ்சுத் தோலை மேலாகத்தான் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளை சேர்ந்தால் கசக்கும். புளிப்புச் சாறு ஆப்பசோடாவைத் தொட்டதும் நுரைக்கத் தொடங்கும். அந்தக் காற்று போவதற்குள் மாவு சூட்டுக்குப் போயாக வேண்டும். அப்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் அம்மா போகமாட்டாள். அவள் நாளில் யாருக்கும் பதில் சொல்லாத ஐந்து நிமிடம் அதுதான்.

இதையெல்லாம் ஒரு மலருக்கு எழுதிக்கொடுத்தேன். அச்சில் வந்தது எட்டு வரி, எல்லாம் '-வும்'. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தாள். "இதுல நான் எங்கத்தா இருக்கேன்?" என்றாள்.

ஈஸ்ட் இல்லாமல் உடனே சுடும் ரொட்டியின் வரலாற்றிலும் இந்தக் கேள்வி உண்டு. மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தால் மாவை உப்பவைக்கும் முறையை முதலில் அச்சேற்றிய நூல்களில் ஒன்று, 1796இல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்டது. தலைப்புப் பக்கத்தில் அவர் தன்னை ஓர் அநாதை என்று குறித்துக்கொண்டார். அச்சுக்குத் தயாரிக்கும் அளவு தனக்குப் படிப்பில்லாததால் அமர்த்திய ஆள், சிலவற்றை விட்டும் சிலவற்றைச் சேர்த்தும் கெடுத்துவிட்டதாகப் பின்னர் முறையிட்டார்.

தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. அந்தப் 'பார்' முன்னிலை ஒருமை. தலைப்பிலாவது எதிரே ஒருத்தி நிற்கிறாள்.

இன்னும் பின்னே போனால் குறுந்தொகை 167. கூடலூர் கிழார் ஒரு புதுமனைவியைக் காட்டுகிறார்: தயிர் பிசைந்த விரல், அதைத் துடைத்தும் துவைக்காமல் உடுத்திய உடை, கண்ணில் ஏறிய தாளிப்புப் புகை. அவள் துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இல்லறச் சிறப்பு என்றே இதை எனக்கு நடத்தினார்கள். அவள் மகிழ்ச்சிக்கு அவனுடைய ஒரு சொல் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று பாட்டு கேட்கவில்லை. ஆனாலும் விரலும் கண்ணும் அதில் இருக்கின்றன. பார்த்துவந்து சொல்பவள் செவிலி, கேட்பவள் நற்றாய். அடுக்களைப் பாடு தெரிந்த இரண்டு பெண்கள். சங்கப் பாட்டு விட்டுவைத்த உடலை இன்றைய குறிப்பு துடைத்தெடுத்துவிட்டது.

போன மாதம் அந்தக் குறிப்பைத் திரும்ப எழுதினேன், எழுவாயோடு. அம்மா மசித்தாள். அம்மா சீவினாள். அம்மா வாசலுக்குப் போகவில்லை. படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மணலைச் சலிச்சதை விட்டுட்டியேத்தா."

சேர்த்துவிட்டேன்.