பாரிமுனையில் பசித்தால்

வெளியூரிலிருந்து ஒருவர் சென்னைக்கு வருகிறார். நமக்கு போன் போட்டு, 'பாரிமுனைப் பக்கம் ஒரு வேலை இருக்கு. அங்கே நல்ல ஹோட்டல் எது?' என்று கேட்கிறார். நாம் என்ன செய்கிறோம்? ஊருக்கே தெரிந்த ஒரு பெரிய சைவ ஹோட்டல் பெயரைச் சொல்லி போனை வைத்துவிடுகிறோம். ஏ.சி. இருக்கும், பாத்ரூம் சுத்தமாக இருக்கும், நாளைக்கு யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. வந்தவரும் அங்கே போய், தன் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே கிடைக்கிற அதே தோசையைத் தின்றுவிட்டு ஊர் போய்ச் சேர்கிறார்.

இந்தச் சிபாரிசில் விருந்தாளியின் நாக்குக்கு இடமே இல்லை. நம் பேர் கெட்டுவிடக் கூடாதே என்கிற பயம்தான் இருக்கிறது.

இன்னொரு வகை உண்டு. பத்திரிகை இணைப்புகளில் வருகிற 'கட்டாயம் சாப்பிட வேண்டிய 10 இடங்கள்' பட்டியல். அதில் பெயர் இருக்கும், வாயில் எச்சில் ஊறவைக்கும் படம் இருக்கும். எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் இருக்காது. வட சென்னையின் பழைய கடைத்தெருக்களில் இது பெரிய குறை சார். காலை 11 மணிக்கு சௌகார்பேட்டைக்கு நெய் இட்லி தேடிப் போனால் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அப்போ எப்படித்தான் சிபாரிசு செய்வது? சொல்றேன்.

நான் படித்தது பி.காம். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஹோட்டலை எடைபோட உதவுகிற ஒரு பாடம் இருந்தது. ஸ்டாக் டர்னோவர். கடையில் வாங்கிப் போட்ட சரக்கு வருஷத்துக்கு எத்தனை தடவை விற்றுத் தீர்ந்து, மறுபடி வாங்கப்படுகிறது என்கிற கணக்கு. இரும்புக் கடைக்கு அது லாபக் கணக்கு. சாப்பாட்டுக் கடைக்கு அதுவே வயிற்றுக் கணக்கும்கூட. சரக்கு தேங்காத இடத்தில் சாப்பாடு பழசாக வழியில்லை.

என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் சென்டர் என்று ஒரு கடை. இட்லி, ஊத்தப்பம், இரண்டே ஐட்டம். மேலே பொடி, அதன் மேலே நெய். சாயங்காலம்தான் திறப்பார்கள். கூட்டம் மொய்க்கும். மாவு வந்த வேகத்தில் தீரும், கல்லுக்கு ஆற நேரம் கிடையாது. இப்போது 14 பக்க மெனு கார்டு வைத்திருக்கும் ஒரு ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தாலி, சைனா, பஞ்சாப், செட்டிநாடு எல்லாம் ஒரே சமையலறையில். அத்தனைக்கும் வேண்டிய சாமான், யாராவது ஆர்டர் கொடுக்க மாட்டார்களா என்று ஃபிரிட்ஜில் தவம் கிடக்க வேண்டும். மெனு கார்டு தடிக்கத் தடிக்க ஃபிரிட்ஜும் தடிக்கும். எதை நம்புவீர்கள்?

'தெருவோரக் கடை, வயிறு என்னாகும்?' என்பது நியாயமான கேள்விதான். சமைத்த உணவில் கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். அதாவது, சமைத்து ஆறிப்போய்க் காத்திருக்கும் நேரத்தில். கண்ணெதிரே கல்லிலிருந்து எடுத்து ஆவி பறக்கத் தட்டில் போடுகிற பண்டத்தைவிட, நறுக்கி வைத்த பழமும், பச்சைத் தண்ணீர் கலந்த சட்னியும், ஜூஸில் போடும் ஐஸும்தான் அதிக ஆபத்து. விருந்தாளியிடம் இதைச் சொல்லி, கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள். பாதி பயம் போய்விடும்.

ஏ.சி. பற்றியும் ஒரு வார்த்தை. 2017 நவம்பரிலிருந்து தனி உணவகம் ஏ.சி. போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான். குளிர்ந்த ஹாலில் அதே பொங்கலுக்குக் கூடுதலாக வாங்கும் தொகை அரசாங்கத்துக்குப் போவதில்லை. அது இடத்துக்கான வாடகை. மே மாத மதியத்தில் வயசான அம்மாவோடு வருபவருக்கு அந்த வாடகை நியாயமானது. தனியாகத் திரியும் இளவட்டத்துக்கு தண்டம்.

இனி நேரப்படி போகலாம்.

காலையில் வந்து இறங்குகிறவரை திருவல்லிக்கேணி ரத்னா கபேக்கு அனுப்புங்கள். 1948-ல் தொடங்கிய இடம். அங்கே இட்லிக்கு சாம்பார் தொட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. சாம்பாரில் இட்லி குளிக்கிறது, மூழ்குகிறது, கடைசியில் கரைந்தே போகிறது. மதுரைக்காரர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். 'நாலு சட்னி எங்கே?' என்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது சாம்பார் சாப்பிடும் இடம், இட்லி ஒரு சாக்கு. இன்னொன்று. இந்தக் கடையைத் தொடங்கியவர் உத்தரப்பிரதேசத்து மதுராவிலிருந்து வந்தவர். மெட்ராஸின் அடையாளம் என்று நாம் மார்தட்டும் சாம்பார் இட்லி, வடக்கத்திக்காரர் ஒருவரின் கல்லாவிலிருந்து வந்து நம் நாக்கில் உட்கார்ந்துகொண்டது!

மதியம் என்றால், அதே திருவல்லிக்கேணி வட்டாரத்தில் இரண்டு மெஸ். மீன் வறுவல் வேண்டும் என்பவருக்கு சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்து சந்தில் 1961-லிருந்து இருக்கும் நாயர் மெஸ். சைவக்காரருக்கு அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். இங்கே டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். கூப்பிட்டதும் உள்ளே போய், சாப்பிட்டு, இலையை மூடிவிட்டு எழுந்துவிட வேண்டும். கதை பேச இடமில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு நாற்காலியில் மதியத்துக்குள் எத்தனை பேர் உட்கார்ந்து எழுகிறார்களோ, அதை வைத்துத்தான் சாப்பாட்டின் விலை. நீங்கள் சீக்கிரம் எழுந்திருப்பதற்கான தள்ளுபடி பில்லிலேயே சேர்ந்திருக்கிறது. வியாபாரம் பேசப் போகிறவர், பெண் பார்த்துவிட்டு வந்து சம்பந்தம் பேசப் போகிறவர் இங்கே போகக் கூடாது. பசிக்காகப் போகிறவர் தாராளமாகப் போகலாம்.

சாயங்காலம் சௌகார்பேட்டை. சௌகார் என்றால் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்கிற செல்வந்தர். குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த வியாபாரக் குடும்பங்கள் தங்கள் நாக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். நாணயம் அச்சடித்ததால் பெயர் பெற்ற தங்கசாலைத் தெருவில், காகடா ராம்பிரசாத் கடையில் சுடச்சுட ஜிலேபியும் ஆலு டிக்கியும் சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டு எட்டு தள்ளி முறுக்கு சாண்ட்விச் விற்பார்கள். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு. நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி, கேட்டால் மேலே சீஸ். நம்ம ஊர் முறுக்கும் அவங்க ஊர் சட்னியும் கல்யாணம் செய்துகொண்ட வீடு அது. பச்சைக் காய், பச்சைச் சட்னி என்பதால் வயிறு பலவீனமானவர்கள் நான் மேலே சொன்ன விதியை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

இருட்டியதும் செகண்ட் லைன் பீச். அத்தோ வண்டிகள். மஞ்சள் நூடுல்ஸை, கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித் தண்ணீர், நொறுக்கிய தட்டை போன்ற பேஜோ எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். 'சென்னையில் ஒரு பர்மா நூடுல்ஸ்!' என்று வேடிக்கைப் பொருளாக எழுதுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஓரிரு வருஷத்தில் கடைகள் தேசியமயமாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்கள் பிழைக்க வேண்டும் என்றுதான் 1969-ல் பர்மா பஜார் வந்தது. கப்பலிலிருந்து இறங்கிய துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வண்டி போட்டு, விட்டு வந்த ஊரின் சாப்பாட்டை விற்றார்கள். இதைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் புளித் தண்ணீரின் ருசியே வேறு. எண்ணெய் கொஞ்சம் தூக்கல்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அசைவத்தில் உட்கார்ந்து சாப்பிட விரும்புபவருக்கு மவுண்ட் ரோடு புகாரி. 1951-ல் ஏ.எம். புகாரி ஆரம்பித்தது. சிக்கன் 65 என்கிற பெயருக்கு ஊரில் ஆளுக்கொரு கதை: 65 மிளகாய், 65 துண்டு, மெனுவில் 65-ம் நம்பர் என்று. 1965-ல் மெனுவில் ஏறியதால் அந்தப் பெயர் என்பது புகாரியின் கணக்கு. இன்று தெருவுக்குத் தெரு செக்கச்செவேலென்று சாயம் ஏற்றி விற்பதையெல்லாம் சிக்கன் 65 என்று நம்பிவிட வேண்டாம் என்று விருந்தாளியிடம் சொல்லி வையுங்கள்.

ஒரு விஷயம். ஹோட்டல் செத்தாலும் பட்டியல் சாவதில்லை. 1962-ல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டு, அந்த இடம் செம்மொழிப் பூங்கா ஆகிவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிப் போகிறவருக்கு அங்கே செடி கொடிதான் கிடைக்கும். எந்தச் சிபாரிசையும் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ருசிக்காக வருகிறவர்களுக்கு. ஆனால் சென்ட்ரலில் காலையில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ருசி தேடி வருகிறவர் எத்தனை பேர்? எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே இருக்கும் ஜி.ஹெச்.சுக்குப் போகிறவர்கள், கேஸ் கட்டோடு ஹைகோர்ட்டுக்குப் போகிறவர்கள், பில் புத்தகத்தோடு மொத்தக் கடைக்குப் போகிறவர்கள். இந்த வட்டாரத்தின் நிஜமான விருந்தாளிகள் இவர்கள்தான். நம் பட்டியல் எதிலும் இவர்கள் கிடையாது. நான் பட்டியல் போடுகிறவர்களிடம் சண்டை போடுவதே இதற்காகத்தான்.

இவர்களுக்கு வேண்டியது வேறு. நோயாளிக்குக் கஞ்சி எங்கே கிடைக்கும், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றித் தருவார்களா, பையை வைத்துவிட்டுக் கை கழுவ முடியுமா, ஒரு காபி வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார விடுவார்களா? 2013-ல் மாநகராட்சி அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பிறகு அரசு ஆஸ்பத்திரிகளிலும் திறந்தார்கள். பி.காம். கணக்கில் அது நஷ்டம், வருஷா வருஷம் மானியம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நாள் படுத்துக்கிடக்கும் துணையாளின் கணக்கில், கையிலிருக்கும் பணம் மருந்துக்கு மிஞ்சுகிறது. 'எங்கே சாப்பிடலாம்?' என்று அப்படி ஒருவர் கேட்டால், நெய் இட்லியின் மகிமையை அவரிடம் அளக்காதீர்கள். அம்மா உணவகத்துக்கு வழி சொல்லுங்கள், அல்லது வீட்டிலிருந்து ஒரு டிபன் கேரியர் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஹோட்டல்களுக்கு நான் மனசுக்குள் போடும் மார்க்கும் இதை வைத்துத்தான். பை நிறைய சாமானோடு, கசங்கிய சட்டையோடு வந்து ஒரே ஒரு பிளேட் இட்லி கேட்கிறவரை சர்வர் எப்படி உட்காரவைக்கிறார்? 'சாம்பார் இன்னும் வேணுமா?' என்று கேட்கிறாரா, இல்லை, பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா? ருசியில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், முதல் ரக சர்வர் இருக்கிற கடையைத்தான் நான் பத்துப் பேருக்குச் சொல்வேன்.

ஆகவே, அடுத்த தடவை போன் வந்தால் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்குப் போறீங்க? கூட யார் வர்றாங்க? என்ன வேலையா வந்திருக்கீங்க? பதில் கிடைத்ததும், கடைப் பெயரோடு நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைத்தெரு பாதி தூங்கும் என்று எச்சரியுங்கள். காரில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம், 2019-லிருந்து ஹைகோர்ட்டிலும் மண்ணடியிலும் மெட்ரோ நிற்கிறது, இறங்கி நடக்கச் சொல்லுங்கள். ராத்திரி போன் போட்டு, 'எப்படி இருந்தது?' என்று மறக்காமல் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்து வருகிறவருக்கு உதவும்.