மணிச்சித்ரதாழ்: கங்கையின் கதையும் உளவியல் விளக்கமும்

மணிச்சித்ரதாழ், ஃபாசில் இயக்கத்தில் 1993 டிசம்பரில் வெளிவந்த மலையாளத் திரைப்படம். கதை, திரைக்கதையை மது முட்டம் எழுதினார். கங்கையாகவும் நாகவல்லியாகவும் நடித்த ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். பி. வாசு இயக்கிய சந்திரமுகி (2005) இக்கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பலர் பேய்ப்படமாக நினைவில் வைத்திருக்கும் இப்படம், துன்புறும் ஒருவரின் கதையை உளவியல் எப்படி விளங்கிக்கொள்கிறது என்பதையும் காட்டுகிறது. அதைப் பெரும்பாலும் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் முக்கியமான ஓரிடத்தில் தவறுகிறது.

பின்னணி

படத்தின் சில பகுதிகள் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டன. கடலோரத்து வட்டக்கோட்டை முதல் மேற்கே பத்மநாபபுரம் வரை இம்மாவட்டத்தில் இசக்கியம்மன் கோயில்கள் பல உண்டு. அநியாயமாக உயிரிழந்த பெண்ணே இசக்கியாக நிற்கிறாள் என்பது அக்கோயில்களின் கதைகள் பலவற்றுக்கும் பொது. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள், அவள் யார், அவளுக்கு என்ன கொடுமை நேர்ந்தது என்று ஆதியிலிருந்து பாடுவர். கோபத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்பது இம்மண்ணில் பழகிய அறிவு. நாகவல்லியும் அத்தகையவளே. தஞ்சாவூரிலிருந்து சங்கரன் தம்பி கொண்டுவந்த நடனப்பெண் அவள். ராமநாதனை நேசித்ததால் கொல்லப்பட்டாள்.

விளக்க வரைவு

நோய்க்குப் பெயர் சூட்டுவது நோயறிதல். இந்தத் துன்பம் இவருக்கு இப்போது ஏன் வந்தது, ஏன் நீங்காமல் நிற்கிறது என்று ஆராய்ந்து ஒரு விளக்கத்தை அமைப்பது கேஸ் ஃபார்முலேஷன். தமிழில் இதை விளக்க வரைவு எனலாம். இதற்கு ஐந்து கேள்விகளைக் கேட்பது வழக்கம்: இப்போதைய சிக்கல் என்ன? அதற்கு இடம்கொடுத்த பழைய காரணங்கள் எவை? அதைத் தூண்டியது எது? அதை நீடிக்கச் செய்வது எது? இவரைத் தாங்கி நிற்கும் பலம் எது?

மனநல மருத்துவர் சன்னி (மோகன்லால்) இக்கேள்விகளுக்கே விடை தேடுகிறார். கங்கை, பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவள். பெற்றோர் தங்களோடு அழைத்துச்செல்ல வந்தபோது அந்தப் பிரிவு அவளை உலுக்கியது. இது பழைய காரணம். மாடம்பள்ளி வீட்டில் நாகவல்லியின் கதையைக் கேட்டதும், பூட்டிய அறையைத் திறந்ததும் தூண்டுதல்கள். வேலையில் மூழ்கிய கணவன் நகுலனால் விளைந்த தனிமை, துன்பத்தை வளர்க்கிறது. அதே நகுலனின் அன்புதான் அவளுடைய பலமும்.

படம் இந்நோயைப் பல ஆளுமைக் கோளாறு என்ற வகையில் வைக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994இல் அந்தப் பெயரையே மாற்றியது. பெயர் மாறினாலும் கங்கையின் கதை மாறாது. விளக்க வரைவின் பயன் அதுதான்.

நிறைகள்

சன்னி தம் விளக்கத்தை முடிந்த முடிவாகக் கொள்ளவில்லை. கங்கை வெளியே செல்வதை நகுலன் தடுத்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அதைச் சோதித்துப் பார்க்கிறார். கட்டிலைத் தூக்கும் புகழ்பெற்ற காட்சி அந்தச் சோதனையே. தந்திரியான பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாட்டை (திலகன்) அவர் இகழாமல் துணைக்குச் சேர்த்துக்கொள்வதும் நல்ல முறை. துன்புறுபவரின் பண்பாட்டு மொழியை ஒதுக்கிவிட்டு எந்த விளக்கமும் நிற்காது.

குறைகள்

சன்னி கங்கையின் ஊருக்குச் சென்று விசாரிக்கிறார். கண்டறிந்ததை நகுலனிடம் விரிவாகச் சொல்கிறார். ஆனால் கங்கையோடு அமர்ந்து, 'உங்களுக்கு இது எப்படித் தோன்றுகிறது?' என்று கேட்டு, இருவருமாக அந்த விளக்கத்தை அமைக்கும் காட்சி படத்தில் இல்லை. அவளுடைய வாழ்க்கைக்கு இரண்டு ஆண்கள் பேசிப் பொருள் சொல்கின்றனர். சோதனைக் காட்சியும் அவள் அறியாமல் அவளைத் தூண்டிவிடுவதே.

கொலை வெறி மூண்ட நேரத்தில் உரையாட இயலாது என்று சன்னிக்காக வாதிடலாம். அது நியாயமே. ஆயினும், அவள் நாகவல்லியாக மாறாத பொழுதுகள் பல இருந்தன. நகுலனுக்குப் பதிலாகப் பொம்மையை வெட்டவைக்கும் உச்சக்காட்சி நாகவல்லியின் பழியைத் தீர்க்கிறது. கங்கையின் தனிமைக்கு அது மருந்தாகாது. மணவாழ்வு முறிந்த ஸ்ரீதேவி மீது வீட்டாரின் சந்தேகம் எளிதில் விழுவது இன்னொரு எச்சரிக்கை. சமூகம் முன்பே எழுதிவைத்த கதை, ஆராயாமலே விளக்கமாகிவிடும். சந்திரமுகியில் மருத்துவர் சரவணன் (ரஜினிகாந்த்) நாயகனாக முன்னே வருவதால், கங்கையின் குரல் மேலும் பின்னே போகிறது.

மதிப்பீடு

விளக்க வரைவைத் துணை நாடி வந்தவருடன் சேர்ந்தே உருவாக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுபவருக்குத் தம் நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் அறியும் உரிமையைத் தருகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னரே வந்த படத்தை இந்த அளவுகோலால் மட்டும் குறைசொல்வது முறையாகாது. பேய் என்று ஒதுக்கப்படும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று லட்சக்கணக்கானோரை உணரவைத்தது இதன் சாதனை. நாகவல்லிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படம் பார்த்த அனைவரும் அறிவர். தனக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கங்கை தன் வாயால் சொல்லும் வாய்ப்பு மட்டும் அமையவில்லை. உளவியல் பயிலும் மாணவர்கள் இப்படத்தைப் பார்க்கையில் மனத்தில் கொள்ளவேண்டிய இடம் அது.