கழித்தல் கணக்கில் நம்ம தெரு

'பொன்னியின் செல்வ'னைத் தமிழோடு நிறுத்தாமல் வரலாறு, புவியியல், கணக்கு எல்லாப் பாடத்திலும் நடத்தலாம் என்கிறார்கள். நடத்தட்டும். எப்படி என்பதுதான் என் கேள்வி.

1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய இந்தப் பிரதி, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு தொடங்குகிறது. தமிழ் வாத்தியார் வர்ணனையைச் சொல்வார். புவியியல் வாத்தியார் பாசனத்தைச் சொல்வார். அந்தக் கரைக்கு மண் சுமந்தது யாரு? எந்தப் பாடம் சொல்லும்?

தலைப்பில் வரும் செல்வன்தான் பிறகு ராஜராஜன். அவன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு வேலி, மா, காணி என்று இருக்கிறது. மொத்த நிலத்திலிருந்து வரியில்லாத இடங்களைக் கழிக்கிறார்கள்: குளம், சுடுகாடு, பறைச்சேரி, தீண்டாச்சேரி. நாவலின் குதிரை நுழையாத நம்ம தெரு அந்தக் கழித்தல் கணக்கில் கிடக்கிறது. அதைக் கணக்கு வகுப்பில் போடச் சொல்லுங்கள்.

திருப்பூரில் எங்க பிள்ளைகளுக்கு இது சட்டுனு புரியும். பீஸ் ரேட்டுக்கு அம்மா தைக்கிற பனியனில் கம்பெனி பேர்தான் இருக்கும். ஏரிக்கும் ராஜா பேர்தானே வைத்தார்கள்! நாவலை எல்லா வகுப்புக்கும் கொண்டு போங்க. கல்வெட்டையும் கூடவே கொண்டு போங்க.