கிளம்பும் முன் ஒரு சுற்று

மோட்டார்ஹோமுக்கு நேரும் சேதங்களில் ஒரு வகை, வண்டி நகர்ந்த முதல் பத்து மீட்டருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஐரோப்பிய முகாம் மைதானங்களில், இடத்தைக் காலி செய்யவேண்டிய நேரம் நெருங்கும் காலை வேளைதான் இதற்கு உகந்த பொழுது. மின்கம்பத்தில் செருகிய கேபிள் செருகியபடியே இருக்க, வண்டி புறப்பட்டுவிடும். கேபிள் விறைத்து நின்று, வண்டியின் பக்கவாட்டில் பதித்த சாக்கெட்டைத் தகடோடு பிய்த்தெடுக்கும். சாக்கெட் தாங்கிவிட்டால் கம்பம் சாயும். படியை உள்ளே தள்ள மறந்தவர் ஓரக்கல்லில் அதை மடக்கிக்கொள்வார். கூரை ஜன்னலை மூட மறந்தவருக்கு நெடுஞ்சாலை வரை ஒன்றும் தெரியாது. வேகம் கூடியதும் காற்று அந்த அக்ரிலிக் மூடியைப் பிடுங்கிப் பின்னால் வரும் கார் மேல் போடும். குளிர்பெட்டியின் கதவுக் கொண்டியைப் போடாதவருக்கு முதல் திருப்பத்திலேயே பாலும் முட்டையும் தரையில். அமெரிக்காவில் இதே கதை கூரையில் உயர்த்திய டிவி ஆன்டெனாவோடும் மரக்கிளையோடும் நடக்கும்.

மறதிதான் நோய் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மருந்தாக எல்லோரும் எழுதிக் கொடுப்பது சரிபார்ப்புப் பட்டியல்: ஒரு தாளில் இருபது, முப்பது வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், டிக் போட்டுவிட்டுக் கிளம்பு. இந்த மருந்து பாதி நோய்க்குத்தான் கேட்கும் என்பது என் கட்சி.

முதலில் நோயைக் கொஞ்சம் பார்க்கலாம். கேரவன் என்றால் நம் ஊரில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டி. ஐரோப்பாவில் அது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் வீடு. அதை வைத்திருப்பவர் இறங்கி, முட்டுக்கால்களைத் தூக்கி, கொக்கியை மாட்டி, விளக்கு ஒயரைச் செருகி, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தால்தான் கிளம்பவே முடியும். அந்த வேலைகளே அவரை வண்டியைச் சுற்றி நடக்க வைத்துவிடுகின்றன. மோட்டார்ஹோமில் அந்தத் தொல்லை இல்லை. படுக்கையிலிருந்து எழுந்து, காலணிகூடப் போடாமல், நாலு எட்டில் ஓட்டுநர் இருக்கைக்கு வந்துவிடலாம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறுமும். வீடாக இருந்தது வண்டியாக மாறும் அந்த நொடியில், பின்பக்கம் தொங்கும் கேபிளைப் பற்றி அந்தச் சாவி எதையும் கேட்பதில்லை. இந்த வண்டியை விற்கும்போது எந்த வசதியைச் சொல்லி விற்கிறார்களோ, பொறி அதற்குள்தான் இருக்கிறது.

பட்டியல் என்ற பழக்கத்துக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் அருகே ரைட் ஃபீல்டில், போயிங்கின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. நிறுத்தி வைத்திருக்கும்போது சுக்கான்கள் காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்கப் போடும் பூட்டை யாரும் எடுக்கவில்லை. இருவர் இறந்தார்கள். ஓட்டியவர் கற்றுக்குட்டி அல்லர், ராணுவத்தின் தேர்ந்த விமானி. இத்தனை சிக்கலான எந்திரத்தை நினைவை மட்டும் நம்பி இயக்க முடியாது என்ற முடிவுக்கு வந்துதான் விமானிகளின் பட்டியல் முறையாக உருவானது. அதே விமானம் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப்போர் முழுக்கப் பறந்தது. மோட்டார்ஹோமின் டாஷ்போர்டில் ஒட்டிய தாளுக்கும் இதுதான் பாட்டன்.

வம்சத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். காரணம்? அதே சுக்கான் பூட்டு. எழுபத்தெட்டு ஆண்டுக்குப் பிறகு, பட்டியல் கையிலிருந்தும். பதிவுக் கருவியைப் பிரித்துப் பார்த்த விசாரணையாளர்கள், அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் சுக்கான் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை என்று கண்டார்கள். இரண்டு விமானிகளும் அனுபவசாலிகள், ஒருவரோடு ஒருவர் பறந்து பழகியவர்கள்.

மோட்டார்ஹோம்காரர்கள் கவனிக்கவேண்டிய விபத்து இதுதான் என்பேன். பட்டியல் அந்நியருக்கு நல்ல துணை. ஒரு வாரத்துக்கு வண்டியை வாடகைக்கு எடுத்தவர், எதற்கு எந்தக் கொண்டி என்றே தெரியாதவர், தாளைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அவருக்கு அது ஒன்று விடாமல் காட்டிக்கொடுக்கும். ஐந்தாறு வருடம் ஓட்டியவருக்குத் தாள் மனப்பாடம். மனப்பாடம் ஆன நாளிலிருந்து அது வாயில் ஓடுமே தவிர, கண் எதையும் தொடாது. ‘கேபிள், படி, ஜன்னல், கேஸ்’ என்று இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒப்பித்துவிடுவார். நேற்று செய்ததன் நினைவு இன்று செய்ததுபோல் வந்து நிற்கும்.

மருத்துவத்திலும் இந்த இரு முகங்கள் தெரிந்தன. அறுவை சிகிச்சைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 19 வரிப் பட்டியலை எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் முடிவு வந்தது. அந்த எட்டில் புதுதில்லியும் ஒன்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதே பட்டியலைக் கட்டாயமாக்கியபின் 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014 ஆய்வில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பட்டியல் சுவரில் இருப்பது வேறு, நடப்பது வேறு.

மோட்டார்ஹோம் பட்டியல்களுக்கென்றே தனிக் குறைகளும் உண்டு. அலமாரிக் கதவும் கேஸ் வால்வும் ஒரே அளவு எழுத்தில், ஒரே கட்டத்தோடு நிற்கும். ஒன்று தவறினால் தட்டு உடையும், மற்றது தவறினால் உயிர் போகலாம். வண்டியின் உயரம்கூடச் சிலர் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. உயரம் காலைக்குக் காலை மாறுவதில்லை. அது ஓட்டுநரின் கண்ணெதிரே கண்ணாடியில் ஒட்டவேண்டிய எண். (அதுகூடப் போதுவதில்லை: வட கரோலினாவின் டர்ஹமில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் எச்சரிக்கை விளக்குகளை மீறி ஆண்டுக்கணக்கில் கூரைகளைச் சீவியது. 2019இல் பாலத்தையே எட்டு அங்குலம் உயர்த்தினார்கள்.) இப்படி நீளும் தாளில் உண்மையான ஆபத்துகள் நாலைந்துதான்: கேபிள், கேஸ், கூரை, படி, சக்கரத்தடியில் வைத்த மேடைக்கட்டை. தாளை அதோடு நிறுத்தியிருந்தால் படிக்கவாவது செய்வார்கள்.

அடுத்தது இருவர் பிரச்சினை. பெரும்பாலும் தம்பதியாகத்தான் பயணம். வெளிவேலை ஒருவருக்கு, உள்வேலை ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. மழை பெய்யும் வரை, அல்லது பக்கத்து வண்டிக்காரர் விடைபெற வந்து பத்து நிமிடம் பேசும் வரை. இடையில் அறுந்த வேலையை எங்கே விட்டோம் என்பதற்கு அடையாளம் இராது. கேபிளைக் கம்பத்தில் கழற்றியிருப்பார். வண்டி முனையில் அப்படியே தொங்கும். கம்பத்துப் பக்கம் முதலில் கழற்றுவது சரிதான், கையில் மின்சாரம் இருக்கும் முனை வராது. ஆனால் ‘கேபிளைக் கழட்டியாச்சா?’ என்று உள்ளிருந்து கேட்டால் ‘ஆச்சு’ என்ற பதிலும் பொய்யாகாது. நம் ஊர் நடத்துநர் படிக்கட்டைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு விசிலடிப்பதைப்போல, ஒருவர் செய்ததை மற்றவர் போய்ப் பார்த்தால்தான் அது இரண்டாவது சோதனை.

ஜப்பானிய ரயில்வே ஊழியர்கள் சிக்னலைக் கையால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். 1994இல் அங்கே ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் செய்த எளிய சோதனையில் 100க்கு 2.38 ஆக இருந்த பிழை இந்த முறையால் 0.38 ஆகக் குறைந்தது. தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு வண்டியை ஒரே திசையில் ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லும் வழக்கத்தை நான் இதற்காகத்தான் ஆதரிக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அதை ஒப்பிக்க முடியாது. சாவியை ஜன்னல் கொண்டியிலோ கேபிள் சாக்கெட்டிலோ மாட்டிவைக்கும் தந்திரமும் இதே வகை: அங்கே போகாமல் சாவி கிடைக்காது. ஸ்டியரிங்கில் ‘ஆன்டெனா மேலே’ என்று அட்டை தொங்கவிடுவது அந்த அளவுக்கு உதவாது. பத்தாம் நாள் அந்த அட்டை கண்ணில் படாமல் போய்விடும்.

மனிதரை நம்பாத வழியும் இருக்கிறது. எஞ்சினை முடுக்கியதும் தானே உள்ளே போகும் படி, தானே மடங்கும் சாட்டிலைட் டிஷ். தானியங்கிக் குளிர்பெட்டி இன்னும் புத்திசாலி. எஞ்சின் நின்ற உடனே அது கேஸுக்கு மாறாது, சுமார் கால் மணி நேரம் காத்திருக்கும். ஓட்டுநர் நின்றது பெட்ரோல் பங்க்காக இருக்கலாம், அங்கே சுடர் எரியக்கூடாது என்பதை வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார். யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டாம். பட்டியலில் ஒரு வரியைக் குறைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பெட்ஃபோர்டில் எரிந்த விமானத்திலும் இப்படி ஒரு தடுப்பு இருந்தது. பூட்டு போட்டிருந்தால் எஞ்சின் நெம்புகோலைப் புறப்படும் அளவுக்குத் தள்ளமுடியாமல் செய்யவேண்டிய அமைப்பு அது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அது தள்ளவிட்டது. மோட்டார்ஹோமில் இவ்வளவு பெரிய தவறு தேவையில்லை. படிக்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்சில் குளிர்காலச் சாலையின் சேறும் உப்பும் ஏறினால் போதும். படி உள்ளே இருக்கும்போதே எச்சரிக்கை மணி கத்தும். அது கத்துவதைக் கேட்டுக்கொண்டு நூறு கிலோமீட்டர் ஓட்டியவர் அடுத்த நிறுத்தத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார். வண்டியை விற்கும்போது அந்த ஃபியூஸைப் பற்றி வாங்குபவரிடம் சொல்லவேண்டும் என்று எந்தப் பட்டியலிலும் வரி கிடையாது.