கறுப்புக் கோட்டும் 'மனநலம்' என்கிற சொல்லாடலும்

வக்கீல்களின் மனநலம் பற்றிய கூட்டம் ஒன்றின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூச்சுப் பயிற்சி, ஒரு மருத்துவரின் சொற்பொழிவு, கடைசியில் தேநீர். 'அழுத்தத்தை எப்படிக் கையாள்வது' என்று இரண்டு மணிநேரம் பேசினார்கள். அழுத்துவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மௌனத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

என் ஜூனியர் காலம் இப்படி: காலை ஏழு மணிக்கு சீனியர் வீட்டு வராந்தா, பத்தரைக்குக் கோர்ட், சாயங்காலம் மறுபடி ஆபீஸ், ராத்திரி கடைசி பஸ். கேஸ் கட்டைத் தூக்குவது, வாய்தா கேட்பது, சீனியர் வராததற்கு நீதிபதியிடம் திட்டு வாங்குவது, வாய்தா கிடைக்காததற்கு சீனியரிடம் திட்டு வாங்குவது. சம்பளம் என்கிற சொல்லே அங்கே கிடையாது. 'பஸ்ஸுக்கு வெச்சுக்கப்பா' என்று எப்போதாவது கையில் திணிக்கப்படும் ஒரு நோட்டு, அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் தூக்கம் போயிற்று. எங்கள் வழக்கு எண் நெருங்கும்போதே வயிற்றைப் புரட்டும். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். 'நாங்கல்லாம் இப்படித்தாம்பா வந்தோம்' என்றார் சீனியர். கெட்ட மனுஷர் இல்லை அவர். சுரண்டலுக்குக் கெட்டவர்கள் தேவையில்லை, மரபு போதும்.

அந்த ஒற்றை வாக்கியத்தைக் கட்டுடைத்துப் பார்க்கலாம். அது உழைப்பைப் 'பயிற்சி' ஆக்குகிறது. கூலியை 'ஆசீர்வாதம்' ஆக்குகிறது. முதலாளியை குரு ஆக்குகிறது. குருகுலத்தில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பது நமக்குத் தெரியாததல்ல. கூலியில்லாமல் நாலு வருஷம் தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? அப்பாவின் அலுவலகமும் அலமாரி நிறையச் சட்டப் புத்தகமும் உள்ளவர்களால் முடியும். குடும்பத்தில் முதன்முதலாகக் கோட்டு மாட்டிய தலித் பையனால், ராத்திரி ஒன்பது மணிக்குமேல் சேம்பரில் இருக்க முடியாத பெண்ணால் எத்தனை நாள் முடியும்? அவர்கள் வெளியேறும்போது 'பிரஷர் தாங்கலை' என்று பெயர் வைக்கிறோம். சாதியும் சொத்தும் பாலினமும் சேர்ந்து வடிகட்டியது, தனிமனிதனின் மனப் பலவீனமாக எழுதப்பட்டுவிடுகிறது.

சட்டமும் இதற்குத் துணைநின்றிருக்கிறது. 1962இல் பம்பாய் சொலிசிட்டர் நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் போனஸ் கேட்டு வந்தபோது, அது 'தொழில்' அல்ல என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் கிருஷ்ணய்யரின் தீர்ப்பு அந்த நிலைப்பாட்டை மாற்றி, 'தொழில்' என்பதன் எல்லையை வெகுவாக விரித்தது. ஆனால், ஒரு சிறு உதவியாளரோடு தனியாகத் தொழில் நடத்தும் வக்கீலை அது வெளியிலேயே விட்டது. நம்முடைய சேம்பர்களில் பெரும்பாலானவை அந்த வெளியில்தான் இருக்கின்றன. பகலில் தொழிலாளிக்காக வாதாடும் வக்கீலின் அறையில் ராத்திரி தொழிலாளி என்று யாருமில்லை!

மனச்சிதைவையும் அதிகாரத்தையும் பற்றி, பூக்கோவை முன்வைத்துச் சிறுபத்திரிகைகளில் நிறையவே பேசியிருக்கிறோம். கோர்ட் வளாகத்துக்குள் அந்தப் பேச்சு நுழையவேயில்லை. அமெரிக்காவில் 12,825 வக்கீல்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு, 28 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் 20.6 சதவீதம் பேரிடம் சிக்கலான குடிப்பழக்கத்தையும் கண்டது. இந்த எண்களை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அந்தக் குடிப்பழக்கம் தொழிலின் முதல் பத்தாண்டுகளில் இருப்பவர்களிடமே மிக அதிகம் என்று அதே ஆய்வு சொல்வதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நோய் படிநிலையின் கீழ்ப்படியில் குவிகிறது என்றால், மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுப் படிநிலையை அப்படியே விட்டுவிடுவதா? மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டுத்தான் நானும் தூங்கினேன். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, கூலியைக் கொடுக்கவில்லை.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர அறிவுறுத்திச் சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இதே தொகைகளைச் சொன்னது, ஆனால் கட்டாயமாக அல்ல, பரிந்துரையாக. அப்போதும் அது 'உதவித்தொகை'தான், ஊதியம் அல்ல. பெயரில் இருக்கிறது அரசியல்.

இப்போது என் ஆபீசிலும் ஒரு ஜூனியர் இருக்கிறான். அந்த உத்தரவு வந்த வாரம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவனுக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தது ஐயாயிரம். 'எனக்கு வர்ற ஃபீஸே அவ்வளவுதானே' என்று மனசுக்குள் ஒரு வாதத்தை ஜோடித்துக்கொண்டேன். பொய்யான வாதமும் இல்லை அது. ஆனால் அந்தக் கணத்தில் என் வாயில் உட்கார்ந்திருந்தது என் பழைய சீனியரின் குரல்தான். பின்வரிசையில் நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை என் மேஜைக்கு எதிர்நாற்காலியில் இருந்தது. போன மாதம் கணக்குப் புத்தகத்தை அவன் முன்னால் திறந்து வைத்தேன். எவ்வளவு வருகிறது, யாருக்கு எவ்வளவு போகிறது என்று இரண்டு பேரும் பார்த்தோம். தொகை இன்னும் இருபதாயிரத்தை எட்டவில்லை. அவனும் இன்னும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் வாய்தா கிடைக்காத அன்று, 'நீங்க வந்திருக்கணும் சார்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். மனநலம் பற்றிய பேச்சை அங்கேயிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.