உற்பாலனம் யாருக்கு?

பொதுச் சுகாதாரம் மருத்துவத்தின் ஒரு கிளை. அதே வேளையில் சமுதாயத்தைப் பற்றிய ஒரு விமர்சனமுமாகும். இக்கண் கொண்டே, இன்று வன்னியை எட்டியுள்ள இணையவழி முதுமாணிப் படிப்பை நாம் மதிப்பிட விரும்புகிறோம்.

வாய்ப்பு பெரிது; அதை மறுப்பதற்கில்லை. 2009இல் போர் முடிந்தபோது வன்னியின் மருத்துவமனைகள் பல சிதைந்து கிடந்தன. மருத்துவப் பட்டப்பின்படிப்புக்கென 1980இல் அமைந்த நிறுவனமோ கொழும்பில் இருக்கிறது. கடமையை விட்டுப் போக இயலாத கிளிநொச்சி வைத்தியரும் முல்லைத்தீவின் பட்டதாரித் தாதியும், லண்டன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பட்டத்துக்கு இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆயினும் கட்டணம் அந்நிய நாணயத்தில், மொழி ஆங்கிலம். கதவு திறந்திருக்கிறது, வாயிற்படி மட்டும் உயரமாகவே இருக்கிறது.

இத்துறையைக் கற்போர் எவரும் ஜோன் ஸ்நோவை அறிவர். 1854இல் லண்டனின் சோஹோப் பகுதியில் வாந்திபேதி பரவியபோது, இறந்தோர் வீடுகளைத் தேடிச் சென்று விசாரித்து, பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பே நோயின் ஊற்று எனக் காட்டியவர் அவர். வவுனியா மாவட்டத்திலோ, காரணம் இன்னும் முற்றாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உழவர் குடும்பங்களை வாட்டுகிறது. குடிநீர் மீதும் ஐயம் உண்டு. லண்டன் பம்பைப் பற்றிக் கற்றவர் தம்மூர்க் கிணற்றடிக்கு நடக்காவிடின் அக்கல்வியால் ஆவதென்ன?

நடந்தாலும், எம்மொழியில் பேசுவார்? ஆங்கிலத்தில் மட்டுமே கற்றதை உழவனுக்கு விளக்கச் சொற்கள் வேண்டாமா? இவ்விடத்தில் யாழ்ப்பாணம் நமக்கு ஒரு பாடம் தருகிறது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், கட்டர் என்பாரின் ஆங்கில நூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' எனத் தமிழாக்கினார். உற்பாலனம் என்று அவர் வழங்கியது உடல்நலம் பேணும் துறையை. 1860களில் மானிப்பாயில் மருத்துவமே தமிழில் கற்பிக்கப்பட்டது. மதம் பரப்பும் நோக்கம் அப்பணியில் கலந்திருந்தது மெய். நூலின் பெயரே இன்று நமக்குக் கரடுமுரடாக ஒலிப்பதும் மெய். ஆயினும் மக்கள் மொழியில் மருத்துவம் என்ற கொள்கையில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் நாம் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் உண்டு. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்விரண்டும் இணைந்து, பொதுச் சுகாதார முதுமாணிப் பாடங்களைத் தமிழிலும், எளியோர் தாங்கும் கட்டணத்திலும், வன்னிக் கிராமங்களில் களப்பணியோடும் தரவேண்டும். ஆசிரியரும் மாணவரும் இக்கோரிக்கையை உரக்க எழுப்புவார்களாக!