பெயரில் ஆப்பிள் இல்லை

நார்மண்டியில் உணவு மேசைக்கு வரும் 'சீத்ர்', ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. ஆனால் பெயரில் ஆப்பிள் கிடையாது. பிரெஞ்சில் ஆப்பிள் 'பொம்'. அதே வட்டாரத்தில் பேரிக்காய்ச் சாற்றிலிருந்து செய்யும் 'புவாரே', 'புவார்' என்ற பழப்பெயரை வெளிப்படையாகவே சுமக்கிறது. சீத்ரின் பெயரோ வேறு மண்ணில் பிறந்தது.

அதன் வேர் எபிரேய 'ஷேக்கார்'. மயக்கும் பானம் என்று பொருள். உறவுச்சொல்லான அக்காடிய 'ஷிகாரு' மெசபடோமியாவின் பீர். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஒலியை ஒட்டி 'சிகெரா' என்று வைத்துக்கொண்டார்கள். லத்தீன் பைபிளில் ஜெரோமும் அதையே எடுத்தாண்டார். யோவான் ஸ்நானகன் தொடமாட்டான் என்று தேவதூதன் அவன் தந்தை சகரியாவிடம் சொன்ன இரண்டில் ஒன்று திராட்சரசம், மற்றது சிகெரா. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிதோர், திராட்சை மது அல்லாத போதைப் பானம் எதுவும் சிகெராதான் என்றார். தானியம், பேரீச்சை, பழச்சாறு எல்லாம் அதில் அடக்கம்.

அந்த 'அல்லாத'தான் சொல்லின் விதியை எழுதியது. ஈரக் குளிரில் திராட்சைக்கொடி செழிக்காத நார்மண்டியில் அந்த இடத்தை மெல்ல மெல்ல ஆப்பிள் பிடித்துக்கொண்டது. ஒலியும் தேய்ந்தது: நடு உயிர் உதிர்ந்து, 'ஸ'வும் 'ர'வும் மோதிய இடத்தில் நாக்கு ஒரு 'த'வைச் செருகியது. மருத்துவர் ழூலியன் ல போல்மியே 1588இல் வெளியிட்ட லத்தீன் நூலின் தலைப்பில் ஆப்பிளின் பெயர் இருந்தது. மறு ஆண்டே வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் தலைப்பில் அந்த இடத்தில் சீத்ர் நின்றது. அதற்குள் அந்த ஒரு சொல்லே போதுமானதாகியிருந்தது.

சீத்ரின் கலை அவசரப்படாமையில் இருக்கிறது. கடித்துத் தின்ன முடியாத கசப்பும் துவர்ப்புமான ஆப்பிள்களே அதற்கு உடல் தருகின்றன; இனிப்பும் புளிப்பும் கூடச் சேரும். பிழிந்த சாற்றில் பெக்டின் திரண்டு பழுப்பு ஏடாக மேலெழும். கீழே தெளிந்து நிற்பதை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். ஈஸ்டுக்கு வேண்டிய சத்தில் ஒரு பகுதி ஏட்டோடு போய்விடுவதால் நொதித்தல் மந்தமாகும், சர்க்கரை கொஞ்சம் மிஞ்சும். இனிப்பான 'தூ' வகையில் ஆல்கஹால் 3 சதவீதத்தைத் தாண்டாது.

மயக்கத்துக்கே பொதுப்பெயராக இருந்த சொல், கடைசியில் மிக லேசான மதுக்களில் ஒன்றின் பெயராகிவிட்டது. இனிப்பு இறங்கியபின் நாக்கோரத்தில் நிற்கும் துவர்ப்பை ருசித்தவர்கள், சொல்லுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்பார்கள்.